மூன்று மாதப் பேட்டரி

என் அண்ணன் பேட்டரி திருடவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனி முதலாளியின் காரை ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். புது பேட்டரியை விற்றுத் தின்றுவிட்டுப் பழசை மாட்டி வைத்தான் என்று பட்டம் கட்டி அனுப்பினார்கள். அது பொய். பொய் என்று எங்கள் அம்மாவைத் தவிர ஊரிலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவன், இன்னொன்று நான். இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. அவன் ஏன் திறக்கவில்லை என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் ஏன் திறக்கவில்லை என்று நினைத்தால் அது வேறு மாதிரி எரிகிறது.

நானும் அதே கம்பெனியில்தான் வேலை செய்தேன். பெரிய கம்பெனி ஒன்றுமில்லை. ஜங்ஷனைத் தாண்டிப் போனால் இரண்டு சூளை, மூன்று ஷெட்டு, ஒரு ஆபீசு ரூம், அவ்வளவுதான். கழிவுநீர்க் குழாயும் ஊறுகாய் ஜாடியும் சுட்டோம். ஜாடிக்கு உள்ளே வெள்ளைப் பூச்சு ஊற்றிச் சுழற்றிக் கவிழ்க்கிறது என் வேலை. வெளிப்பக்கத்துப் பழுப்புப் பளபளப்பு சூளையில் வருவது. நெருப்பு நன்றாகப் பிடித்ததும் ஈர உப்பை அள்ளிச் சூளை வாய்க்குள் வீசுவார்கள், அந்தப் புகை பட்டு ஜாடி மினுங்கும். அதற்காகச் சூளைக்காரர் ஒரு ஜாடியில் எப்போதும் உப்பை ஊறப்போட்டு வைத்திருப்பார். உப்பு அடியில் படிந்துவிடும், மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும்.

எங்கள் ஊரில் எதைக் கொட்டி வைக்க வேண்டுமென்றாலும் ஜாடிதான். கோணல் விழுந்தது, கொப்புளம் கிளம்பியது, காது உடைந்தது எல்லாம் விலைக்குப் போகாது. அதையெல்லாம் நாங்கள் எடுத்துக்கொள்வோம். அரிசிக்கு ஜாடி, புளிக்கு ஜாடி, மண்ணெண்ணெய்க்கு ஜாடி. எந்த வூட்டுக்குப் போனாலும் மூலையில் நாலு ஜாடி தட்டு மூடி உட்கார்ந்திருக்கும். எதில் என்ன இருக்கிறது என்று அந்தந்த வூட்டுக்காரிக்குத்தான் தெரியும்.

அண்ணனுக்கும் கார் ஷெட்டில் ஒரு ஜாடி இருந்தது. அதில் மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருப்பான். பேட்டரிக்குள் ஈயத் தகடுகள் இருக்கின்றன, அவை தண்ணீரில் மூழ்கியே இருக்க வேண்டும், வெயிலுக்கு அந்தத் தண்ணீர் சுண்டும், சுண்டினால் ஊற்ற வேண்டும் என்பான். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பானையில் வெள்ளையாகக் காரை பிடிக்கும். அதை ஊற்றினால் பேட்டரி வீணாகிவிடும். கடையில் பாட்டிலில் விற்கிற தண்ணீரை வாங்கித் தர முதலாளிக்கு மனசு வராது. அதனால் ஐப்பசி அடைமழையில், முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, மூன்றாவது மழைக்குத் திறந்த வெளியில் ஜாடியை வைப்பான். தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே காவல் நிற்பான். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "கட்டிக்கப் போறவளுக்குக் கூட இவன் இப்புடி நனைய மாட்டான்டி" என்பாள்.

கார் விஷயத்தில் அவனுக்கு அவ்வளவு வீம்பு. ஊரில் அப்போது கார் என்று இருந்ததே கொஞ்சம். அதில் எந்தக் காருக்கு என்ன நோவு என்று அவனுக்குத் தெரியும். மற்ற டிரைவர்கள் அவனிடம் வந்து கேட்பார்கள். அந்த நினைப்பில் அவன் நடக்கிற நடையே தனி. அந்த வருஷம் மாசி மாதத்தில் முதலாளி காருக்குப் புது பேட்டரி வாங்கினார். அண்ணன் அதைத் தொட்டுக் கும்பிட்டு மாட்டினான்.

பங்குனிக் கடைசியில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. எட்டு நாள் படுத்துவிட்டான். முதலாளி மெட்ராஸ் போயிருந்ததால் கார் சும்மாதான் நின்றது. ஆனால் வெயில் மண்டையைப் பிளந்தது. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டான்.

"ஏ பாப்பா, பேட்டரில தண்ணி சுண்டியிருக்கும். ஷெட்டுல ஜாடியில நம்ம மழைத்தண்ணி இருக்குது. ஆறு மூடி இருக்கும், தொறந்து தகடு மூழ்குற அளவுக்கு ஊத்திட்டு வந்துடு. கைய உள்ள வுட்டுடாத, ஆசிடு."

"எனக்குத் தெரியும் போ" என்றேன். எனக்கு வாய்க்கொழுப்பு அப்போது.

மத்தியானச் சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் ஷெட்டுக்குப் போனேன். இரண்டு ஜாடி பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டின் மேலும் தட்டு. இரண்டும் எங்கள் சூளையில் வெந்து கோணிப்போன ஜாடிகள்தான். முன்னால் இருந்ததைத் திறந்தேன். பளிங்காகத் தண்ணீர். அடியில் வெள்ளை தெரிந்தது. நாள் முழுக்க ஜாடிக்குள் வெள்ளைப் பூச்சு ஊற்றுகிறவளுக்கு ஜாடியின் அடி வெள்ளையாகத் தெரிந்தால் என்ன சந்தேகம் வரும்? பூச்சு என்றுதான் நினைத்தேன். வேறு ஊர்க்காரியாக இருந்தால் ஒரு தரம் விரலை விட்டுப் பார்த்திருப்பாள். நான் குவளையில் மோந்து, புனல் வைத்து, ஆறு மூடியிலும் ஊற்றி, சிந்தியதைத் துணியால் துடைத்து, பெரிய டிரைவர் மாதிரி கையைத் தட்டிக்கொண்டு வந்தேன்.

அது உப்பு ஜாடி. சூளைப் பக்கம் வைத்தால் ஆடுகள் வந்து தட்டைத் தள்ளிவிட்டு நக்குகின்றன என்று சூளைக்காரர் முந்தின நாள்தான் அதைக் கார் ஷெட்டுக்குள் நகர்த்தி வைத்திருக்கிறார். அண்ணன் படுக்கும்போது அங்கே ஒரே ஜாடிதான் இருந்தது. அதனால் எந்த ஜாடி என்று அவன் சொல்லவில்லை. "தகடு மூழ்குதா?" என்று கேட்டான். "மூழ்குது" என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் எழுந்து வேலைக்குப் போவதற்குள் உப்பும் தீர்ந்துவிட்டது, ஜாடியும் சூளைப் பக்கம் போய்விட்டது.

சித்திரையில் கார் இழுத்துக்கொள்ள ஆரம்பித்தது. முதலில் ஹாரன் கம்மியது. பிறகு விளக்கு மங்கியது. காலையில் ஸெல்ஃபைப் போட்டால் இஞ்சின் ஒரு முறை முனகிவிட்டு நின்றுவிடும். அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சையை வெந்நீர் விட்டுக் கழுவினான். ஒயரைக் கழற்றிச் சுரண்டிக் கிரீஸ் தடவினான். பெல்ட் தொளதொளவென்று இருக்கிறதோ என்று இறுக்கினான். டைனமோவைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சோதித்தான், அது நன்றாக இருந்தது. பேட்டரிமேல் மட்டும் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. புதுசு அல்லவா, அதுவும் அவன் கையால் மாட்டியது. முன்னால் இரும்புக் கம்பியைச் செருகிச் சுழற்றிச் சுழற்றித்தான் காரைக் கிளப்பினான். உள்ளங்கை காய்த்துப் போயிற்று. முதலாளி கண்ணில் படாமல் காலையில் சீக்கிரமே போய்க் கிளப்பி ஓடவிட்டு வைத்துவிடுவான்.

வைகாசியில் குட்டு வெளிப்பட்டது. மெட்ராஸிலிருந்து குழாய் வாங்க ஒரு பெரிய மனிதர் ரயிலில் வந்தார். முதலாளி அவரை அழைத்துவர ஜங்ஷனுக்குக் காரில் போனார். ரயில் தாமதம். முதலாளி காருக்குள் ஃபேன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டேஷ்போர்டில் வைக்கிற சின்ன ஃபேன் அது, அவருக்கு அதில் ஒரு பெருமை. வந்தவர் ஏறி உட்கார்ந்ததும் அண்ணன் ஸெல்ஃபைப் போட்டான். முனகல்கூட இல்லை. கம்பியைச் சுழற்றினான், இருந்த கொஞ்சநஞ்ச உயிரையும் ஃபேன் குடித்திருந்தது, கார் அசையவில்லை. கடைசியில் நான்கு போர்ட்டர்கள் சேர்ந்து தள்ளினார்கள். ஜட்கா வண்டிக்காரர்கள் எல்லாம் விசில் அடித்தார்களாம். மெட்ராஸ்காரர் மரியாதைக்கு இறங்கி நின்றார். எங்கள் முதலாளி இறங்கவில்லை. அந்த உடம்பையும் சேர்த்துத்தான் தள்ளினார்கள்.

மறுநாள் பேட்டரியைக் கழற்றிக் கடைவீதியில் இருந்த பேட்டரிக் கடைக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே நடந்ததை அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடைக்காரர் ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு மூடியிலிருந்தும் தண்ணீரை உறிஞ்சிப் பார்த்தார். உள்ளே ஒரு மிதவை இருக்கும், ஆசிட் வீரியமாக இருந்தால் மேலே நிற்கும், இல்லையென்றால் அமுங்கும்.

"ஏம்பா, மிதவை பாதகமில்லாமதான் நிக்குது. ஆனா பேட்டரில உசுரில்லயே?" என்று அவர் குழம்பினார். உப்பும் மிதவையைத் தூக்கி நிறுத்தும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

சார்ஜில் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பேட்டரி நுரைத்து ஒரு நாற்றம் கிளம்பியது. ஆசிட் நாற்றம் இல்லை. கிணற்றுக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடர் நாற்றம். கடைக்காரருக்கு மூக்கு ஆசிடிலேயே செத்துப்போனது, அவர் கவனிக்கவில்லை. அண்ணன் கவனித்தான். ஆசிடில் உப்பு கலந்து சார்ஜ் ஏறினால்தான் அந்த நாற்றம் வரும் என்று அவனுக்குத் தெரியும். முன்பு எவனோ ஒரு டிரைவர் உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டு மாட்டிக்கொண்டதை இவனே வூட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

அடுத்த நாள் முதலாளியும் கடைக்கு வந்தார். சார்ஜ் துளிகூட நிற்கவில்லை என்றதும் கடைக்காரர் பேட்டரியின் மேல்மூடியை ஒட்டியிருந்த தாரை உருக்கி ஒரு அறையைத் திறந்து தகடுகளைத் தூக்கினார். பாதித் தகடு சேறாக வழிந்தது.

"மூணு மாசத் தகடா இது? மூணு வருசமாச்சும் ஓடியிருக்கும். இது பழைய பேட்டரிங்க."

முதலாளிக்கு அது போதும். டிரைவர்கள் புதுசைக் கழற்றி விற்றுவிட்டுக் கழிசலை மாட்டுவது அந்தக் காலத்தில் நடக்காத காரியம் இல்லை. கருப்புப் பெட்டி எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். "என் உப்பத் தின்னுட்டு எனக்கே குழி பறிச்சியாடா" என்று நடுக்கடைவீதியில் நின்று கத்தியிருக்கிறார். என் அண்ணன் நின்றுகொண்டே இருந்திருக்கிறான்.

சாயங்காலம் வூட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றான்.

"அன்னைக்கு எந்த ஜாடியில மோந்த?"

"ஷெட்டுல இருந்துச்சே, அதுலதான்."

"எத்தினி ஜாடி இருந்துச்சு?"

"ரெண்டு. முன்னாடி இருந்ததுல..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடியில் தெரிந்த வெள்ளை கண்ணுக்குள் வந்து நின்றது. ஐயோ என்று கத்திவிட்டேன். கடையில் நடந்ததையெல்லாம் அவன் அப்போதுதான் சொன்னான். சொல்லி முடித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம், நன்றாக இருந்திருக்கும்.

"நாளைக்கே மொதலாளிகிட்டப் போயிச் சொல்றேன் அண்ணே. நான்தான் ஊத்துனேன், தெரியாம ஊத்துனேன்னு காலுல வுழறேன்."

"வாய மூடு."

"ஒன்னத் திருடன்றாங்க!"

"சொல்லட்டும். திருடன்னா ரெண்டு மாசம் பேசுவான், மறந்துடுவான். திருடாத டிரைவரு எவன் இருக்கான்னு அவனே சொல்லிப்பான். பேட்டரில உப்புத் தண்ணி ஊத்துனவன்னு தெரிஞ்சா? சாவுற வரைக்கும் சிரிப்பானுங்க. அப்பறம் எவன் என்னை நம்பி வண்டியக் குடுப்பான்?"

"ஊத்துனது நீ இல்லயே, நானுல்ல?"

"அது இன்னும் கேவலம். டிரைவரு வேலைய பொட்டப்புள்ளகிட்டக் குடுத்துட்டுப் படுத்திருந்தான்னு ஊரே காறித் துப்பும். நீ வாயத் தொறந்த, அண்ணன்னு ஒருத்தன் ஒனக்கு இல்ல."

அம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவன் சொல்றபடி இரு, ஆம்பள சமாச்சாரம்" என்றாள். உப்புத் தண்ணீர் ஊற்றியது நான், பழி சுமப்பது அவன், இதில் ஆம்பளை சமாச்சாரம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் புது பேட்டரி வந்தது. முதலாளி அதை அண்ணன் கையாலேயே மாட்ட வைத்தார். வேலைக்காரர்கள் எல்லாரையும் முற்றத்தில் நிற்கவைத்தார், அதுதான் கொடுமை. களிமண் மிதிப்பவர்கள், சூளைக்காரர், பூச்சு ஷெட்டுப் பெண்கள், எல்லாரும் நின்றோம். அண்ணன் பேட்டரியைத் தட்டில் இறக்கி, சட்டத்தை முடுக்கி, இரண்டு ஒயரையும் பூட்டி, கிரீஸ் தடவினான். ஏறி உட்கார்ந்து ஸெல்ஃபைப் போட்டான். ஒரே தொடலில் கார் கிளம்பியது. இறங்கி வந்து சாவியை முதலாளி கையில் கொடுத்தான்.

"பாத்துக்கங்க. இந்தத் திருட்டுக் கையி இனிமே நம்ம காம்பவுண்டுக்குள்ள வரக் கூடாது" என்றார் முதலாளி.

நான் பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். ஒரு வாக்கியம் போதும். நான்தான் ஊற்றினேன். அவ்வளவுதான். நாக்கு நுனிவரை வந்தது. அண்ணன் போட்ட ஆணைக்காக நான் அதை விழுங்கவில்லை, அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். வேலை போய்விடுமே என்ற பயம். அவனுக்கும் இல்லை எனக்கும் இல்லை என்றால் அடுப்பு எப்படி எரியும் என்ற பயம். அவன் என்னைத் தாண்டிப் போனான், நிமிர்ந்த நடையில் ஒரு குறையும் இல்லை.

அவன் கணக்குதான் சரியாக வந்தது. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஆடி பிறப்பதற்குள் மங்கலம்பேட்டையில் ஒரு பாத்திரக்கடை பாயிடம் கார் ஓட்டப் போய்விட்டான். பாய் விசாரித்திருக்கிறார். "திருடுவான்னாங்க, ஆனா வண்டிய நல்லா வெச்சிப்பான்னும் சொன்னாங்க. எனக்கு வண்டி ஓடணும், பேட்டரிய நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டாராம். இதை அண்ணன் வூட்டில் வந்து சொல்லிச் சிரித்தான். பார்த்தாயா நான் சொன்னதை என்று என்னைப் பார்த்தான். அம்மாவும் சிரித்தாள்.

திருடன் என்ற பெயர் அவனோடு மங்கலம்பேட்டைக்குப் பஸ் ஏறிப் போகவில்லை. கம்பெனியில் என்னோடு தங்கிவிட்டது. அவன் போன மறு வாரமே கேட்டில் வாட்ச்மேனுக்கு உத்தரவு வந்தது. சாயங்காலம் வேலை விட்டுப் போகும்போது டிரைவர் தங்கச்சியை மட்டும் நிறுத்திச் சோதித்து அனுப்ப வேண்டும். மற்றப் பெண்கள் பேசிக்கொண்டே நடந்து போவார்கள். நான் ஓரமாக நிற்பேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்ட வேண்டும், மடியை உதற வேண்டும், முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்ட வேண்டும். டப்பாவில் கழிவுநீர்க் குழாயையா வைத்துக் கொண்டு போவேன், பாவிகளா? முதல் நாள் அழுதுகொண்டே காட்டினேன். பிறகு அழுகை நின்றுவிட்டது, கேட்பதற்கு முன்னாலேயே மூடியைத் திறந்துவிடுவேன். எனக்குப் பின்னால் வந்த பெண்கள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், பிறகு அதுவும் இல்லை. தினப்படி நடக்கிற காரியம் ஆகிவிட்டது. இப்படி இரண்டு வருஷம்.

வூட்டில் இதைச் சொன்னேன். சொல்லாமல் இருப்பேனா? அண்ணன் மாதம் ஒருமுறை வருவான். கேட்டுவிட்டு, "மடியில ஒண்ணும் இல்லாதவளுக்கு என்ன பயம்? காட்டிட்டு வா" என்பான். நான் ஏன் காட்ட வேண்டும் என்று கத்துவேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவான். அவன் நேரில் பார்த்ததில்லை, பார்த்தால் இப்படிப் பேச மாட்டான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஒரு நாள் நேரிலேயே பார்த்தான். பாயும் அவனும் கடைக்கு ஜாடி வாங்க எங்கள் கம்பெனிக்கு வந்திருந்தார்கள். பாய் உள்ளே ஆபீசில் இருந்தார். அண்ணனை உள்ளே விடமாட்டார்கள் அல்லவா, அவன் கேட்டுக்கு வெளியே காரில் சாய்ந்து நின்று வாட்ச்மேனோடு பேசிக்கொண்டிருந்தான். பழைய பழக்கம், இரண்டு பேரும் ஒரே பீடியை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். வேலை விட்டது. பெண்கள் போனார்கள். நான் வந்தேன்.

வாட்ச்மேன் நல்ல மனுஷன். என்னையும் பார்த்தார், அண்ணனையும் பார்த்தார். அவருக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று. தலையைச் சொறிந்துகொண்டு, "நீ போம்மா" என்று கையைக் காட்டினார்.

அப்போது என் அண்ணன் வாயைத் திறந்தான். முதலாளி கத்தியபோது திறக்காத வாய், முற்றத்தில் அத்தனை பேர் பார்க்கத் திறக்காத வாய்.

"பாரு, பாரு. எனக்காக வுடாத. ஒன் வேலயப் பாரு நீ" என்றான். சொல்லிவிட்டுப் பீடியை ஒரு இழுப்பு இழுத்தான்.

டப்பாவைத் திறந்தேன். மடியை உதறினேன். முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். அவன் புகையை விட்டுக்கொண்டு காரின் கண்ணாடியில் இருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான். டப்பாவை மூடிக்கொண்டு ஜங்ஷன் வழியாக நடந்து வூட்டுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு அவனுக்கு நான் சோறு போட்டிருக்கிறேன். அவன் கல்யாணத்துக்கு ஆரத்தி எடுத்திருக்கிறேன், அவன் பிள்ளைகளுக்குத் தலை வாரி விட்டிருக்கிறேன், கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். அண்ணே என்று மட்டும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அவன் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.